அன்று வராத சத்தம்

"அழுகையே வரலீங்க சார். அதுக்கு ஏதாவது பண்ண முடியுங்களா?"

துப்பறிகிறவரிடம் கேட்கிற கேள்வியா அது? ஆனால் கல்பனா நாற்காலியில் உட்கார்ந்ததும் அதைத்தான் முதலில் கேட்டாள்.

எதிரே இருந்த பரந்தாமன் நோட்டுப் புத்தகத்தைத் திறந்தார். பதில் அவருக்கும் தெரியாது. இன்ஷூரன்ஸ் கம்பெனிக்காக விபத்துக் கேஸ்களை விசாரித்தே பாதி ஆயுளைக் கழித்தவர் அவர். நசுங்கின வண்டிகளையும், பக்கத்தில் துணி போர்த்திக் கிடந்தவர்களையும் பார்த்துப் பார்த்து, ஒரு நாள் தனக்குள் எதுவுமே அசையவில்லை என்பதைக் கவனித்தார். வேலையை விட்டுவிட்டு திருத்தணிக்கு வந்து, ம.பொ.சி. சாலையில் ஒரு செருப்புக் கடை மாடியில் 'பரந்தாமன் டிடெக்டிவ் ஏஜென்சி' என்று போர்டு மாட்டினார். உள்ளே அசையாதது அப்படியேதான் இருந்தது.

"மொதல்ல தண்ணி குடிங்கக்கா," என்று டம்ளரை நீட்டினாள் கவிப்பிரியா. அவரது உதவியாளர். சட்டப் படிப்பு முடித்தவள். வாய்த்துடுக்கால் அடுத்தடுத்து இரண்டு வக்கீல்களிடம் வேலையை இழந்தவள். பரந்தாமனுக்கு அவள் பேச்சு காதில் ஏறுவதே இல்லை என்பதால் இந்த வேலை நிலைத்தது.

கல்பனா தண்ணீர் குடித்தாள். அம்மையார்குப்பத்தில் விசைத்தறி ஓட்டுகிறவள் அவள். ஆடிக் கிருத்திகை முடிந்து காவடிக் கூட்டமெல்லாம் கலைந்த பிறகு ஒரு சாயங்காலம், அவள் கணவன் விஜயன் திருத்தணியில் நூல் வாங்கிக்கொண்டு மொபெட்டில் ஊர் திரும்பினான். ஆர்.கே. பேட்டை ரோட்டில், மாந்தோப்பு வளைவில், ஒரு கார் அடித்துவிட்டுப் போய்விட்டது. பார்த்தவர்கள் யாரும் இல்லை. மொபெட்டில் வெள்ளைப் பெயின்ட் ஒட்டியிருந்தது. கிடைத்தது அவ்வளவுதான்.

"போலீஸ்ல என்ன சொல்றாங்க?" என்றார் பரந்தாமன்.

"பாக்கறோம்மான்றாங்க. வெள்ளை வண்டி எத்தினி ஓடுது, எதைன்னு புடிக்கறதுன்றாங்க. ரோட்ல எந்த வெள்ளை வண்டி போனாலும் இதுதானோ, இதுதானோன்னு பார்த்துகினே நிக்கிறேன் சார். பஸ்ஸு போயிடுது. தறியில நூல் அறுந்தாக்கூட தெரிய மாட்டேங்குது. எந்த வண்டின்னு தெரிஞ்சிட்டா, அந்த ஒண்ணோட நிறுத்திக்கலாம் பாருங்க."

வாசலுக்கு வெளியே படிக்கட்டில் ஒருவன் ஹெல்மெட்டைக் கையில் பிடித்தபடி நின்றிருந்தான். ஒல்லியான ஆள். சவரம் செய்யாத முகம்.

"என் தம்பி அரசு," என்றாள் கல்பனா. "அவன்தான் இட்டுகினு வந்தான். எதுக்குக்கா இதெல்லாம், பாவா திரும்பி வரப் போறாரான்னு கேட்டான். நான்தான் ஒத்த கால்ல நின்னேன். அக்கா புருசன், பாவான்னா அவனுக்கு உயிரு. கொள்ளி வெச்சதிலர்ந்து காரியம் வரைக்கும் அவன்தான் கூட நின்னு பார்த்தான். இப்ப சோறுகூட எறங்கறதில்ல அவனுக்கு."

"உள்ள வந்து உக்காருங்களேன்," என்று கவிப்பிரியா குரல் கொடுத்தாள்.

"பரவால்ல மேடம்," என்றான் அவன், படியிலிருந்தே.

பரந்தாமன் கேட்டார்: "யார் மேலயாவது சந்தேகம் இருக்கா?"

"இருந்திச்சு சார். வெடி கார்னு ஒண்ணு இருக்குது. கல்யாண மண்டபத்துக்காரர் பையன் சூர்யபிரகாஷோடது. வெள்ளைதான். பேய் மாதிரி ஓட்டுவான். போலீஸும் மொதல்ல அவனைத்தான் கூப்ட்டு கேட்டாங்க. ஆனா அந்த வண்டி அன்னிக்கு வரவே இல்லன்னு ஆயிடுச்சு."

"யார் சொன்னது?"

"வளைவுக்கு முன்னால டீக்கடை வெச்சிருக்காரே சுப்பன், அவரு. அந்த வண்டி வந்தா ஊருக்கே கேக்கும் சார். பட்டாசுக் கட்டைக் கொளுத்திப் போட்ட மாதிரி இருக்கும். அன்னிக்கு அந்தச் சத்தமே வரல. எங்க வூட்டுக்காரரும் அந்தச் சத்தம் கேட்டா தூரத்துலயே ஓரங்கட்டி நின்னுடுவாரு. அவ்ளோ பயம். அன்னிக்கு நிக்கல. மொபெட்டு கெடந்த எடத்தைப் பார்த்தா, நடு ரோட்ல திரும்பிகினு இருந்திருக்காரு."

"நிக்கல," என்றார் பரந்தாமன், தனக்குள் சொல்வது போல.

"ஆங். நிக்கல சார்."

அக்காவும் தம்பியும் போன பிறகு கவிப்பிரியா ஜன்னலைச் சாத்தினாள். "சாட்சி இல்ல, நம்பர் இல்ல, கேமரா இல்ல. எங்கேர்ந்து சார் ஆரம்பிக்கறது? மலை மேல ஏறி முருகனையே கேட்டுடலாமா? அவருக்கு அங்கேர்ந்து எல்லா ரோடும் தெரியும்."

"இந்த ஊர்லயே அதிகமா சத்தம் போடறது அந்தக் கார்தான். அது அன்னிக்கு மட்டும் வாயைத் திறக்கல. அதை விசாரிப்போம்."

"வாயைத் திறக்காதவங்களை விசாரிக்கறதுன்னா நான் உங்களைத்தான் சார் மொதல்ல விசாரிக்கணும்."

பரந்தாமன் கார்ச் சாவியை எடுத்துக்கொண்டு கீழே இறங்கினார்.

* * *

சுப்பனின் டீக்கடையில் கண்ணாடி கிளாஸ்கள் தகர மேசை மேல் வரிசையாகக் கவிழ்ந்திருந்தன.

"அந்த வண்டி போனா இதெல்லாம் கிடுகிடுன்னு ஆடும் சார்," என்று அவற்றைக் காட்டினார் சுப்பன். "ஒரு வாட்டி ரெண்டு கிளாஸ் விழுந்தே ஒடஞ்சிது. அன்னிக்கு சாயங்காலம் ஆடல. அதைத்தான் போலீஸ்ல சொன்னேன். அந்தப் பொண்ணு பாவம், இருந்தாலும் பொய் சொல்ல முடியுமா?"

"வெடி கார் போகல. சரி. வேற எந்த வண்டி போச்சு?"

சுப்பன் டீ ஆற்றுவதை நிறுத்தினார். "அதை யாரும் கேக்கலியே."

"நான் கேக்கறேன்."

"பஸ்ஸு போச்சு. நூல் வேன் ஒண்ணு போச்சு. அப்பறம்... ஆங், ஒரு வெள்ளை கார் போச்சு. விசுக்குன்னு. நான் திரும்பறதுக்குள்ள போயிடுச்சு."

"சத்தம்?"

"சத்தமே இல்ல சார். அதனாலதான் அது வெடி கார் இல்லன்றேன். கடையைத் தாண்டும்போது மட்டும் உஸ்ஸுன்னு ஒரு பெருமூச்சு விட்ட மாதிரி இருந்திச்சு. வளைவு இங்கேர்ந்து தூரம், அங்க நடந்தது எதுவும் கேக்கல. அவ்ளோதான்."

கவிப்பிரியா பரந்தாமனைப் பார்த்தாள். அவர் டீயை மடமடவென்று குடித்து முடித்தார். கொதிக்கக் கொதிக்க இருந்ததை அவர் உணர்ந்ததாகவே தெரியவில்லை.

காரில் ஏறியதும் அவள் கேட்டாள்: "பெருமூச்சு விடற கார் எது சார்? மாசத் தவணை கட்ற காரா?"

"டர்போ கார். இன்ஜின் வெளியே தள்ற புகை ஒரு சின்ன விசிறியைச் சுத்தும். அந்த விசிறி காத்தை இழுத்து மறுபடி இன்ஜினுக்குள்ளயே திணிக்கும். ஆக்சிலேட்டர்லர்ந்து காலை எடுத்தா மிச்சக் காத்து உஸ்ஸுன்னு வெளியே வரும். நெறைய டர்போ வண்டியில இது கேக்கும். வெடி கார்ல மட்டும் கேக்காது."

"ஏன்?"

"வெடிச் சத்தத்துல அது அமுங்கிடும்."

* * *

கல்யாண மண்டபத்துக்குப் பின்னால், சமையல் கொட்டகைக்குப் பக்கத்தில், வெடி கார் நின்றிருந்தது. சூர்யபிரகாஷ் கருப்புக் கண்ணாடியைக் கழற்றாமலே பேசினான். இன்ஷூரன்ஸ் ஆட்கள் என்று நினைத்துக்கொண்டான். பரந்தாமன் திருத்தவில்லை.

"ஸ்டார்ட் பண்ணிக் காட்டட்டுமா சார்?"

காட்டினான். கொட்டகைக் கூரையிலிருந்து காகங்கள் எழுந்து பறந்தன. காலை எடுத்ததும் பின்னாலிருந்து படபடவென்று வெடித்தது. உள்ளே அண்டா கழுவிக்கொண்டிருந்த பெண்கள் காதைப் பொத்திக்கொண்டார்கள்.

"டர்போவிலர்ந்து பின்னாடி வரைக்கும் பைப்பு மொத்தமும் மாத்தியிருக்கேன்," என்றான் பெருமையாக. "கம்பெனிப் பைப்பு குறுகல் சார். நடுவுல தேன்கூடு மாதிரி ஒரு சல்லடை வேற. வண்டிக்கு மூச்சே விட முடியாது. அதைத் தூக்கிட்டு அகலப் பைப்பு. அப்பறம் கம்ப்யூட்டர்ல இன்ஜினோட மேப்பை மாத்தி எழுதணும். எவ்ளோ காத்து, எவ்ளோ பெட்ரோல், எப்போ தீப்பொறின்னு எல்லாம். ரெண்டும் சேர்ந்தாத்தான் வண்டி பறக்கும்."

"மூக்கடைப்பை எடுத்துட்டு பசியையும் ஏத்தி விட்டிருக்கீங்க," என்றாள் கவிப்பிரியா.

பரந்தாமன் தரையில் கைக்குட்டையை விரித்து, படுத்து, வண்டிக்கு அடியில் பார்த்தார். சூட்டில் பைப்பு நீலமும் ஊதாவுமாக நிறம் மாறியிருந்தது. பின் வாய் கன்னங்கரேல் என்றிருந்தது. ஆனால் அதை இணைத்திருந்த போல்ட்டுகள் வெள்ளிக் கொலுசு போலப் பளபளத்தன.

எழுந்து சட்டையைத் தட்டிக்கொண்டே கேட்டார்: "இதை எப்போ மாட்னீங்க?"

"போன வருஷம்."

"நடுவுல கழட்டினீங்களா?"

"மாட்னதிலர்ந்து கை வெச்சதே இல்ல சார்."

பதில் கொஞ்சம் சீக்கிரமாகவே வந்தது.

"விஜயன் இறந்த அன்னிக்கு நீங்க எங்க இருந்தீங்க?"

கருப்புக் கண்ணாடி இப்போது கழன்றது. "அதை போலீஸ்லயே சொல்லிட்டேன் சார். மெட்ராஸ்ல. சித்தப்பா பொண்ணு நிச்சயதார்த்தம். காலைல ட்ரெயின்ல போனேன். மறுநாள்தான் வந்தேன். இதோ பாருங்க, போட்டோ, வீடியோ எல்லாம் இருக்கு." போனை நீட்டினான். பட்டு வேட்டியில் தாம்பூலத் தட்டுடன் அவனேதான் நின்றான்.

"கழட்டின கம்பெனிப் பைப்பு எங்க?"

"ஸ்ரீதர் அண்ணன் கடையிலதான். அரக்கோணம் ரோட்ல. செவுத்துல தொங்கும்."

வெளியே வந்ததும் கவிப்பிரியா சொன்னாள்: "பைப்புக்கு வயசாயிடுச்சு, போல்ட்டு மட்டும் புது மாப்பிள்ளை. பையன் பொய் சொல்றான் சார்."

"பைப்பு விஷயத்துல பொய். மெட்ராஸ் போனது நிஜம்."

"அப்போ கார் தானாவே போய் இடிச்சிட்டு வந்துச்சா?"

பரந்தாமன் வண்டியைக் கிளப்பினார். இந்த மாதிரி நேரங்களில் முன்பெல்லாம் நெஞ்சுக்குள் ஒரு பரபரப்பு வரும். வேட்டை நெருங்குகிற பரபரப்பு. இப்போது ரோடு தெரிந்தது, லாரி தெரிந்தது, கியர் மாற்ற வேண்டியது தெரிந்தது.

* * *

ஸ்ரீதரின் ஒர்க்‌ஷாப் முன்னால் கார்கள் பானட்டைத் திறந்தபடி வரிசையாக நின்றன. ஸ்ரீதர் நன்றாகப் பேசுகிற மனிதர். வந்தவர்களுக்கு மோர் வரவழைத்தார். பக்கச் சுவரில் பழைய சைலன்சர்களும் பைப்புகளும் கம்பியில் கட்டித் தொங்கின. எல்லாவற்றின் மேலும் சிவப்புப் புழுதி.

"சூர்யபிரகாஷ் வண்டியோடதா? இதான்," என்று ஒன்றைத் தொட்டுக் காட்டினார். "போன வருஷம் கழட்டி மாட்னது. அப்படியே தொங்குது."

பரந்தாமன் பைப்புகளை ஒவ்வொன்றாகப் பார்த்தார். மடிப்புகளிலும் முட்டிகளிலும் குளவி மண்கூடு கட்டியிருந்தது. ஒரு பைப்பில் இருந்த கூட்டை விரலால் அழுத்தினார். மண் பொடிப் பொடியாக உதிர்ந்தது. அடுத்ததிலும் அழுத்தினார். அதுவும் உதிர்ந்தது. சூர்யபிரகாஷ் பைப்பின் முன்பக்கத்தில், டர்போவோடு சேர்கிற முட்டிக்குக் கீழே, ஒரு கூடு இருந்தது. அழுத்தினார். உதிரவில்லை. நகத்தால் சுரண்டினார். வரவில்லை. சாவியால் தட்டினார். டக் டக் என்றது.

"குளவிக்கும் கான்கிரீட் வீட்டுக்குப் பணம் சாங்ஷன் ஆயிடுச்சா சார்?" என்றாள் கவிப்பிரியா.

"நெறத்தைப் பாரு."

மற்றக் கூடுகள் களிமண் நிறம். இது மட்டும் செங்கல் நிறம்.

"குளவி பச்சை மண்ணுலதான் கட்டும். சுட்டுக் கட்டாது," என்றார் பரந்தாமன். "இந்தப் பைப்பு இங்க தொங்கும்போது குளவி கூடு கட்டியிருக்கு. அதுக்கப்பறம் யாரோ இதை எடுத்து வண்டியில மாட்டி, சூடேற ஓட்டியிருக்காங்க. நல்ல சூடு. மண்ணு சூளையில வெச்ச மாதிரி வெந்திருக்கு. அப்பறம் கழட்டி, இதே எடத்துல திரும்ப மாட்டிட்டாங்க. என்ன ஸ்ரீதர்?"

ஸ்ரீதர் மோர் டம்ளரைக் கீழே வைத்தார். "சார், அது வாரண்டி விஷயம். அதுக்கா வந்திருக்கீங்க?"

"சொல்லுங்க."

"கியர் பாக்ஸ் உதறுதுன்னான். கம்பெனியில ஓசியா மாத்தித் தரணும்னா வண்டி கம்பெனியில வந்தாப்லயே இருக்கணும். அகலப் பைப்பைப் பார்த்தா வாரண்டி கிடையாதுன்னுடுவாங்க. அதனால பழைய பைப்பை மாட்டி, பழைய மேப்பை ஏத்தி அனுப்புவோம். வேலை முடிஞ்சு வந்ததும் திரும்ப நம்ம பைப்பு. எல்லாரும் பண்றதுதான் சார். வெளியே சொல்லக் கூடாதுன்னு பையன் கேட்டுகினான்."

"பழைய பைப்பு எப்போ மாட்டினது?"

ஸ்ரீதர் நெற்றியைச் சுருக்கினார். "அவன் மெட்ராஸுக்கு நிச்சயதார்த்தம் போறேன்னு வண்டியை வுட்டுட்டுப் போன அன்னிக்கு. நான் அன்னிக்குக் கடையில இல்ல, குடும்பத்தோட திருப்பதி போயிருந்தேன். நம்ம ட்யூனர்தான் பண்ணான். பைப்பும் அவன்தான், மேப்பும் அவன்தான். கெட்டிக்காரன். இருங்க, கூப்பிடறேன்." உள்ளே திரும்பிக் குரல் கொடுத்தார். "அரசு! டேய் அரசு, இப்டி வா!"

ஒரு காருக்கு உள்ளே லேப்டாப்புடன் உட்கார்ந்திருந்தவன் கதவைத் திறந்துகொண்டு இறங்கினான். சவரம் செய்யாத அதே முகம்.

கவிப்பிரியா அவனை அடையாளம் கண்டுகொண்டாள்: படிக்கட்டில் நின்ற கல்பனாவின் தம்பி.

அரசு சுவரில் இருந்த பைப்பைப் பார்த்தான். அதன் மேல் இருந்த பரந்தாமனின் கையைப் பார்த்தான். ஓடவில்லை. கால்சட்டையில் கையைத் துடைத்தான். துடைத்துக்கொண்டே இருந்தான்.

"நீதான் மாட்டினியாப்பா?"

"ஆங் சார்."

"மாட்டிட்டு?"

"ஒரு ரவுண்டு போய்ட்டு வரணும் சார். பைப்பு எங்கயாவது தட்டுதா, புகை கசியுதான்னு பாக்கணும்."

"மேப்பை மாத்தினியா?"

அரசு இல்லை என்று தலையை ஆட்டினான்.

"சத்தத்தைக் கழட்டிட்டே. வேகத்தைக் கழட்டலியா?"

"வந்து மாத்திக்கலாம்னு இருந்தேன் சார்." குரல் சமமாக இருந்தது. வேறு யாரைப் பற்றியோ சொல்வது போல. "லேப்டாப்பை மாட்டினா கொஞ்ச நேரத்து வேலை அது. நான் எழுதின மேப்பு. அதோட ஒரு வாட்டி ஓட்டிப் பாத்துடலாம்னு தோணிச்சு. பழைய பைப்புல சத்தமே இல்லாம அவ்ளோ வேகம். உள்ள உக்காந்தா வேகமே தெரியல சார். வளைவுல ஒரு மொபெட்டு திரும்பிகினு இருந்திச்சு. பிரேக்கு புடிச்சேன்."

ஸ்ரீதர் எழுந்துவிட்டார். "மாடு குறுக்க வந்திச்சுன்னு சொன்னியேடா! பம்பர் அதுலதான் ஒடஞ்சிதுன்னு..."

"மாடு இல்லண்ணா."

யாரோ ஏர் அடிக்கிற சத்தம் கேட்டு நின்றது.

"கொஞ்ச தூரம் போய் நின்னேன்," என்றான் அரசு. "கண்ணாடியில பார்த்தேன். இருட்டிகினு இருந்திச்சு. யாராவது வருவாங்க, தூக்குவாங்கன்னு நெனச்சேன். கடைக்கு வந்துட்டேன். பம்பரைக் கழட்டிகினு இருந்தப்போ அக்கா போன் பண்ணிச்சு. பாவாவை யாரோ அடிச்சிப் போட்டுட்டாங்கடா, நீ எங்கடா இருக்கேன்னு. எந்த எடம்னு கேட்டேன். சொல்லிச்சு. அந்தக் கையோடதான் சார் ஆஸ்பத்திரிக்குப் போனேன்."

ஸ்ரீதர் மறுபடி உட்கார்ந்தார். அவர் கை டம்ளரைத் தேடி, கிடைக்காமல், அப்படியே தொடை மேல் இருந்தது.

"அக்காவை ஏன் என்கிட்ட இட்டுகினு வந்தே?" என்றார் பரந்தாமன்.

"அது கேட்டுச்சு சார். அது கேட்டு நான் இதுவரைக்கும் எதையும் மாட்டேன்னதில்ல." அரசு முதல் முறையாக அவர் முகத்தைப் பார்த்தான். "போலீஸுக்கு வரேன். எங்க வேணா வரேன். அதுக்கு முன்னால அக்காகிட்ட நான் சொல்லணும். வேற யார் வாயிலர்ந்தும் அது கேக்கக் கூடாது."

* * *

அம்மையார்குப்பத்துத் தெருவில் நுழைந்ததும் கார்க் கண்ணாடியைத் தாண்டித் தறிச் சத்தம் வந்தது. ஒவ்வொரு வீட்டிலும் ஓடியது. வழியில், மாந்தோப்பு வளைவில் அரசு கண்ணை மூடிக்கொண்டதைக் கவிப்பிரியா பார்த்தாள்.

கல்பனா தறிக் கொட்டகையில் இருந்தாள். அவள் தறியும் பக்கத்துத் தறிகளும் கடகடவென்று அடித்துக்கொண்டிருந்தன. தம்பியையும் அவனுக்குப் பின்னால் வந்த இருவரையும் பார்த்து, என்ன என்பது போலத் தலையை அசைத்தாள்.

அரசு அவள் அருகில் போனான். சொன்னான்.

அவன் உதடு அசைந்தது மட்டும்தான் தெரிந்தது. கல்பனா காதுப் பக்கம் கையை வைத்தாள். அவன் மறுபடி சொன்னான். அவளுக்குக் கேட்கவில்லை. பக்கத்துத் தறிப் பெண் மணியம்மையிடம் கையைக் காட்டினாள். மணியம்மை போய் மெயின் சுவிட்சை இறக்கினாள். தறிகள் ஒவ்வொன்றாக நின்றன. ஊடு நூலைக் கொண்டு ஓடுகிற நாடாக்கள் கடைசி முறை அடித்து ஓய்ந்தன.

"இன்னாடா சொன்ன?"

இப்போது எல்லாருக்கும் கேட்கும். மணியம்மைக்கும், எட்டிப் பார்த்த பக்கத்து வீட்டு ஆட்களுக்கும். அரசு பின்வாங்கவில்லை.

"பாவாவை அடிச்ச வண்டி நான் ஓட்டினதுக்கா. வெடி கார்தான். நான்தான் சைலன்சரை மாத்தியிருந்தேன். அதனாலதான் பாவாவுக்குக் கேக்கல."

கல்பனா அவனையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவள் கையில் ஒரு நூல் முனை இருந்தது. அறுந்த இடத்தில் முடிச்சுப் போட எடுத்தது.

"நீயா?"

"ஆங்."

"அடிச்சிட்டு நின்னியா?"

"கொஞ்ச தூரம் போய் நின்னேன்."

"எறங்கிப் பார்த்தியா?"

"எறங்கலக்கா."

"உசுரு இருந்திச்சாம்டா," என்றாள் கல்பனா. சத்தம் போடவில்லை. "டாக்டரு சொன்னாரு. ரொம்ப நேரம் கெடந்திருக்காரு, முன்னாடியே கொண்டாந்திருந்தா பாத்திருக்கலாம்னு. நீயும் பக்கத்துலதான நின்னுகினு இருந்த, அவரு சொல்லும்போது."

"ஆங். நின்னுகினு இருந்தேன்."

மணியம்மை சேலைத் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டு சுவரோடு சாய்ந்தாள். கல்பனா அவனை அடிப்பாள், அல்லது மயங்கி விழுவாள், அல்லது இத்தனை நாள் வராத அழுகை இப்போது வரும் என்று கவிப்பிரியா காத்திருந்தாள். எதுவும் நடக்கவில்லை. கல்பனா அந்த நூலை முடிச்சுப் போட்டாள். விரல்கள் தானாகவே செய்தன. மிச்ச நுனியைக் கிள்ளிப் போட்டாள். பிறகு பரந்தாமனைப் பார்த்தாள்.

"இப்ப இன்னா பண்ணணும் சார்?"

"ஸ்டேஷனுக்குப் போகணும்மா. அவன் வரேன்னு சொல்லிட்டான். நீங்க வரணும்னு இல்ல."

"கேஸு குடுத்தது நான்தான? வரேன்." மணியம்மையிடம் திரும்பினாள். "கொஞ்சம் தறியைப் பாத்துக்கோ."

காரில் அக்கா பின் சீட்டில் ஒரு ஓரமும் தம்பி இன்னொரு ஓரமுமாக உட்கார்ந்தார்கள். நடுவில் கவிப்பிரியா. எதிரே ஒரு வெள்ளை வண்டி வந்தது. கல்பனா அதைப் பார்க்கவில்லை. அடுத்து வந்ததையும் பார்க்கவில்லை. அவள் பார்வை தன் மடியில் இருந்த கைகளில் இருந்தது.

* * *

போலீஸ் ஸ்டேஷனில் இன்ஸ்பெக்டர் கோர்ட்டுக்குப் போயிருந்தார். ரைட்டர்தான் இருந்தார். வயதானவர். பரந்தாமன் சொன்னதைக் கேட்டார், அரசு சொன்னதைக் கேட்டார், ஸ்ரீதரிடம் கேட்டு வாங்கி வந்த, குளவிக்கூடு ஒட்டிய பைப்பைக் காரிலிருந்து எடுத்து வரச் சொல்லிப் பார்த்தார். அரசுவைப் பெஞ்சில் உட்காரச் சொன்னார். அவன் உட்காரவில்லை. சுவரோரம் நின்றான்.

"எதிரியோட பேரு?" என்றார் ரைட்டர், பேனாவைத் திறந்துகொண்டே.

"அரசு," என்றார் பரந்தாமன்.

எழுதினார். கல்பனா பக்கம் திரும்பினார். "நீங்கதான புகார்தாரர்? இறந்தவருக்கு நீங்க என்னம்மா வேணும்?"

"பொண்டாட்டிங்க."

"எதிரியை முன்னாடியே தெரியுமா? சொந்தமா, தெரிஞ்சவரா?"

கல்பனாவுக்குப் புரியவில்லை. "எதிரின்னா?"

"கேஸுல குத்தம் சாட்டப்பட்டவரைத்தான் எதிரின்னு எழுதுவோம்மா. வண்டி ஓட்டின ஆளு. இதோ நிக்கறாரே, இவரு."

அவள் சுவரோரம் திரும்பிப் பார்த்தாள். ரொம்ப நேரம் பார்த்தாள். ரைட்டர் அவசரப்படுத்தவில்லை. பேனா காத்திருந்தது.

"எங்க அம்மா செத்தப்போ அவன் தவழ்ந்துகினு இருந்தானுங்க," என்றாள் கல்பனா. "நான்தான் சோறு ஊட்டி வளர்த்தேன்."

"அதெல்லாம் வாணாம்மா. உறவு மட்டும் சொல்லுங்க."

"அக்கா," என்றாள். "எதிரிக்கு அக்காங்க."